வாசகர் கேள்வி – பதில்: பொருள்களை வடிவமைத்தவர்கள்

தொழில்துறை வடிவமைப்பு பற்றியும் அதில் பெயர் பெற்றவர்கள் பற்றியும் கேள்விகள் அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். பெற்றோர், மாணவர், வீட்டில் பொருளை வைத்துக்கொண்டு அவதிப்படுவோர் எனப் பலரும் எழுதியிருந்தார்கள். அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில்.

என் மகள் உயர்நிலை 4 படிக்கிறாள். தொழில்துறை வடிவமைப்புதான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். இது பொறியியலா, ஓவியமா? இதில் பெயர் வாங்கியவர்கள் எல்லாம் என்ன படித்துவிட்டு வந்தார்கள்?
– தெம்பனிஸ் வாசகி

ஒரே பொருளைத் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் ஒன்றுபோலச் செய்ய வேண்டும். அதற்கு முன்னால் அதன் உருவம், எடை, கைப்பிடி, பாகங்கள், அவை பொருந்தும் வரிசை ஆகியவற்றை யாராவது முடிவு செய்தாக வேண்டும். தொழில்துறை வடிவமைப்பாளரின் வேலை அதுதான். மின்விசிறியின் மோட்டார் சூடாகாமல் ஓடுவதைப் பொறியாளர் பார்த்துக்கொள்வார். இருட்டில் சுவிட்சைத் தடவிக் கண்டுபிடிக்க முடிகிறதா, தூசி துடைக்க முன்கூண்டு எளிதில் கழல்கிறதா, பாட்டியால் அதைத் தூக்க முடிகிறதா என்பதை வடிவமைப்பாளர் பார்ப்பார். நல்ல நிறுவனங்களில் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்துதான் வேலை செய்கிறார்கள்.

பெயர் வாங்கியவர்கள் ஒரே வழியில் வந்தவர்கள் இல்லை. 1932இல் பிறந்த ஜெர்மானியர் டீட்டர் ராம்ஸ் தச்சுவேலை பழகி, கட்டடக்கலை படித்தவர். தச்சரான தாத்தாவின் பட்டறைதான் அவருடைய முதல் பள்ளிக்கூடம். 1955இல் மின்கருவிகள் செய்யும் பிரவுன் நிறுவனத்தில் உள்ளறை அலங்கார வேலைக்குச் சேர்ந்தார். 1961 முதல் 1995 வரை அங்கே வடிவமைப்புப் பிரிவின் தலைவராக இருந்தார். அமெரிக்காவின் ஹென்றி டிரைஃபஸ் நாடக மேடை அமைப்பிலிருந்து வந்தவர். பிரான்சிலிருந்து 1919இல் நியூயார்க் போன ரேமண்ட் லோவி, முதலில் கடைச் சாளர அலங்காரமும் பத்திரிகைகளுக்கு உடை ஓவியமும் செய்து பிழைத்தார். 1929இல் கெஸ்டெட்னர் நகல் இயந்திரத்துக்குக் களிமண்ணில் புதிய மேலுறை வடித்துக் கொடுத்தது அவருடைய வாழ்க்கையைத் திருப்பியது. புடாபெஸ்டில் பிறந்த ஏவா சைசல் ஓவியம் படிக்கப் போய், மண்பாண்டக்காரரிடம் தொழில் கற்றார். ஆப்பிள் நிறுவனத்தில் ஐபோன் வரை வடிவமைத்த ஜோனதன் ஐவ் மட்டும் நேராக இந்தத் துறையையே படித்தவர். அவருடைய தந்தை வெள்ளிவேலை அறிந்த ஆசிரியர்.

இவர்களில் பலருக்கும் பொதுவானது ஒன்று. கையால் ஏதாவது ஒரு மூலப்பொருளோடு மல்லுக்கட்டிப் பழகியவர்கள். வரைவதற்கு முன்பே மரமோ மண்ணோ உலோகமோ எப்படி வளையும், எங்கே உடையும் என்று விரல்களுக்குத் தெரிந்திருந்தது. உங்கள் மகளுக்கு அந்த ஆசை இருக்கிறதா என்று பாருங்கள். அழகாக வரைகிறாள் என்பதைவிட, பழுதான ரேடியோவைப் பிரித்துப் போட்டுவிட்டுத் திரும்பப் பூட்டுகிறாள் என்பது நல்ல அறிகுறி.

சிங்கப்பூரில் தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரி இதற்கு நெடுங்காலமாகப் பெயர் பெற்ற இடம். அறைகலன் வடிவமைப்பில் அனைத்துலகப் பெயர் எடுத்த நேதன் யோங் அங்கே படித்தவர்தான். பட்டப்படிப்புக்குச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் நான்காண்டுத் தொழில்துறை வடிவமைப்புப் படிப்பு உள்ளது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கலை, வடிவமைப்பு, ஊடகப் பள்ளியும் லசால் கல்லூரியும் பொருள் வடிவமைப்பைக் கற்பிக்கின்றன. பொறியியல் பக்கம் சாய்ந்தவர்களுக்குச் சிங்கப்பூர் தொழில்நுட்ப வடிவமைப்புப் பல்கலைக்கழகம் பொருந்தும்.

சேர்க்கை நேர்காணலுக்குப் படைப்புத் தொகுப்பு கேட்பார்கள். இருபது வண்ணப் படங்களை அடுக்கிக்கொண்டு போவதில் பயனில்லை. நான்கு திட்டங்கள் போதும். ஒவ்வொன்றிலும் பிரச்சினை என்ன, யாரைக் கவனித்தாள், முதல் மாதிரி எங்கே தோற்றது, அடுத்ததில் எதை மாற்றினாள் என்பது தெரிய வேண்டும். அட்டைப் பெட்டியையும் பசை நாடாவையும் வைத்துச் செய்த மாதிரியின் புகைப்படத்தைச் சேர்க்கக் கூச்சப்பட வேண்டாம். நேர்காணல் செய்பவர்கள் கணினிப் படத்தைத் தாண்டி அதைத்தான் தேடுவார்கள்.

ஜப்பானிய உணவுக் கடைகளில் சிவப்பு மூடி போட்ட சிறிய சோயா சாஸ் கண்ணாடிப் புட்டி இருக்கிறதே, அதில் மட்டும் ஏன் சொட்டு வழிவதில்லை? வீட்டில் எந்தப் புட்டியை வைத்தாலும் மேசையில் வட்டம் விழுகிறது.
– வாசகர், புக்கிட் பாத்தோக்

அது கிக்கோமான் நிறுவனத்தின் 150 மில்லிலிட்டர் புட்டி. 1961இல் வந்தது. வடிவமைத்தவர் கென்ஜி எகுவான். ஹிரோஷிமாவில் அணுகுண்டு தன் தங்கையையும் பின்னர் தந்தையையும் பறித்த பிறகு, புத்த துறவியாகப் பயின்றவர். எல்லாம் அழிந்த ஊரைப் பார்த்த பின்புதான் மனிதர் கையாளும் பொருள்கள் மீது அவருக்குப் பற்று வந்தது. தோக்கியோவில் கலை படித்து, ஜி.கே. என்ற வடிவமைப்புக் குழுவைத் தோழர்களோடு தொடங்கினார். யமஹா மோட்டார் சைக்கிள்களும் கொமாச்சி அதிவேக ரயிலும் அந்தக் குழுவின் வேலைதான்.

அதற்கு முன் ஜப்பானிய வீடுகளில் சோயா சாஸ் 1.8 லிட்டர் பெரும்புட்டியில் வரும். அதைச் சிறு குப்பிக்கு ஊற்றுவதற்குள் பாதி கீழே போகும். எகுவான் இந்தச் சிறு புட்டிக்கு மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். நூறுக்கும் மேற்பட்ட மாதிரிகள் செய்தார்.

சூட்சுமம் மூடியின் மூக்கில் இருக்கிறது. எந்தத் திரவத்தையும் ஊற்றி நிறுத்தும்போது கடைசிச் சொட்டு மூக்கின் அடிப்பக்கத்தைப் பற்றிக்கொண்டு பின்னோக்கி ஓடும். தேநீர்க் குடுவைகள் சொட்டுவது இதனால்தான். எகுவான் மூக்கின் அடிப்பக்கத்தை உள்நோக்கிச் சாய்வாக வெட்டினார். பற்றிக்கொள்ளப் பரப்பு இல்லாததால், புட்டியை நிமிர்த்தியதும் சொட்டு உள்ளே திரும்பிவிடுகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். மூடியில் எதிரெதிராக இரண்டு துளைகள் இருக்கும். ஒன்றில் சாஸ் வரும், மற்றொன்றில் காற்று உள்ளே போகும். பின்துளையை விரலால் மூடினால் ஓட்டம் நிற்கும். சொட்டுச் சொட்டாக விடவும் முடியும். அடி அகலமாக இருப்பதால் புட்டி சாயாது. கழுத்து ஒடுங்கியிருப்பதால் ஈரக்கையிலும் நழுவாது. கண்ணாடி என்பதால் எவ்வளவு மிச்சம் என்று எழுந்து பார்க்க வேண்டியதில்லை.

நீங்கள் அந்தப் புட்டியையே மறுபடி நிரப்பிப் பயன்படுத்தினால் சில மாதங்களில் அதுவும் வழியத் தொடங்கலாம். உப்பு காய்ந்து மூக்கின் விளிம்பில் படிந்துவிடும். சொட்டு அந்தப் படிவைப் பற்றிக்கொள்ளும். மூடியைக் கழற்றி வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்துக் கழுவுங்கள். ஊசியோ கத்தியோ விட்டுக் குத்தாதீர்கள். விளிம்பு கீறினால் சூட்சுமமே போய்விடும். கெட்டியான கறுப்பு சாஸை அதில் ஊற்றவும் வேண்டாம். மெல்லிய சோயா சாஸுக்காக அளந்த துளை அது.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். என் கைவிளக்கு உறையை முப்பரிமாண அச்சில் எடுத்தபோது அருமையாக வந்தது. தொழிற்சாலைக்காரரோ, அச்சு வார்க்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். எங்கே தவறு?
– மாணவர், ஈசூன்

இந்தத் துறையில் நுழையும் ஒவ்வொருவரும் இடிக்கும் சுவர் இது, தம்பி. இதைத் தாண்டினால் பாதி வடிவமைப்பாளர் ஆகிவிடலாம். முப்பரிமாண அச்சு இயந்திரம் அடுக்கடுக்காகக் கட்டுவதால் ஏறக்குறைய எந்த உருவத்தையும் தந்துவிடும். பிளாஸ்டிக் வார்ப்பு அப்படியில்லை. இரண்டு எஃகு அச்சுகள் சேர்ந்து மூடும், உருகிய பிளாஸ்டிக் அழுத்தத்தோடு உள்ளே பாயும், ஆறியதும் அச்சுகள் நேர்க்கோட்டில் விலகும். விலகும்போது உன் பொருள் சிக்காமல் வெளியே வர வேண்டும்.

முதலில் உறையின் சுவர் எவ்வளவு கனம் என்று பார். ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் 2 முதல் 3 மில்லிமீட்டர் போதும், எல்லா இடத்திலும் ஒரே கனமாக இருக்க வேண்டும். கனம் இரட்டித்தால் ஆறும் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். கனத்த இடம் கடைசியாக ஆறிச் சுருங்கும்போது மேல்தோலை உள்ளே இழுத்துக் குழி விழவைக்கும். வலுவுக்காகச் சுவரைத் தடிமனாக்காதே, உள்ளே விலா கொடு, அதாவது முட்டுக்கொடுக்கும் மெல்லிய வரம்பு. விலாவின் கனம் சுவரின் கனத்தில் 50 முதல் 60 விழுக்காடுதான் இருக்கலாம். சுவர் 2.5 மில்லிமீட்டர் என்றால் விலா 1.5ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் வெளிப்பக்கம் விலாவின் கோடு குழியாகத் தெரியும். உயரம் சுவரின் கனத்தைப்போல் மூன்று மடங்குக்குள் இருக்கட்டும்.

அடுத்தது சரிவு. அச்சு விலகும் திசையில் செங்குத்தாக நிற்கும் சுவர் எதுவும் இருக்கக் கூடாது. குறைந்தது 1 பாகை சாய்வு வேண்டும். 60 மில்லிமீட்டர் உயரச் சுவரில் அது ஒரு பக்கத்துக்கு 1 மில்லிமீட்டர்தான், கண்ணுக்குத் தெரியாது. மேற்பரப்பில் தோல் போன்ற சொரசொரப்பு கேட்டிருந்தால் 3 பாகையாவது கொடு. இல்லாவிட்டால் வெளியே வரும்போது உராய்ந்து கீறல் விழும். உள்மூலைகள் கூராக இருந்தால் அங்கேதான் விரிசல் தொடங்கும். சுவர்க் கனத்தில் பாதி ஆரமாவது வளைத்துவிடு.

கைவிளக்கு உறை என்கிறாய். மின்கலம் போடும் மூடிக்கு உள்ளே கொக்கி வைத்திருப்பாய். பெரும்பாலும் திருப்பி அனுப்பக் காரணம் அந்தக் கொக்கிதான். அச்சு அதைத் தாண்டி விலக முடியாது. பக்கவாட்டில் நகரும் அச்சுத்துண்டு சேர்க்கலாம், ஆனால் அச்சின் விலை ஏறும். கொக்கிக்கு நேர் கீழே சுவரில் ஒரு துளை விட்டால், அந்தத் துளை வழியாக எதிர் அச்சே வந்து கொக்கியை உருவாக்கிவிட்டுத் திரும்பிப் போகும். உன் வீட்டு ரிமோட்டின் பின்மூடியைக் கழற்றிப் பார், இந்தத் துளை இருக்க வாய்ப்புண்டு. உடலை ஏபிஎஸ்ஸிலும் மூடியை பாலிபுரோப்பிலீனிலும் செய்யத் திட்டமிட்டிருந்தால் சுருக்கத்தையும் கணக்கில் எடு. 100 மில்லிமீட்டர் நீளத்துக்கு முதலாவது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் சுருங்கும், இரண்டாவது ஒன்றரைக்கு மேலும் போகலாம்.

பெரிய பெயர்களும் இந்தச் சுவரில்தான் மோதினார்கள். அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்ல்ஸ் ஈம்ஸும் ஏரோ சாரினனும் 1940இல் நியூயார்க் நவீனக் கலைக்கூடப் போட்டிக்கு ஒரே பிளைவுட் ஓடாக இருக்கையையும் முதுகையும் சேர்த்து வளைத்தார்கள். பரிசு கிடைத்தது. ஆனால் இரண்டு திசையிலும் வளையும் இடத்தில் பலகை வெடித்தது. விரிசலை மறைக்க மேலே மெத்தை தைக்க வேண்டியதாயிற்று. பிறகு சார்ல்ஸும் மனைவி ரேயும் அமெரிக்கக் கடற்படைக்குக் காயமுற்ற காலைத் தாங்கும் பிளைவுட் தாங்கிகள் செய்தார்கள். அதில் பலகை இறுகும் இடங்களில் நீள்துளைகள் விட்டார்கள். வெடிப்பு நின்றது, அதே துளைகள் கட்டுத்துணியைக் கோக்கவும் உதவின. ஒன்றரை இலட்சத்துக்கு மேல் தயாரான பொருள் அது. போர் முடிந்ததும் நாற்காலிக்குத் திரும்பியபோது முதுகையும் இருக்கையையும் தனித்தனித் துண்டாகப் பிரித்து, நடுவில் ரப்பர் தாங்கு வைத்தார்கள். ஒரே ஓடு என்ற ஆசையைப் பிடித்துக்கொண்டு தொங்கவில்லை. கண்ணாடியிழை பிளாஸ்டிக் கைக்கு வந்ததும் 1950இல் அதையும் சாதித்துக் காட்டினார்கள். பொருளை மாற்றாமல் உருவத்தை மட்டும் வற்புறுத்தியிருந்தால் அந்த நாற்காலி பிறந்தே இருக்காது.

வரவேற்பறைக்காக இணையத்தில் வளைவான நிலை விளக்கு வாங்கினேன். பிரபல இத்தாலிய விளக்கின் சாயல் என்றார்கள். கைபட்டாலே ஆடுகிறது. வீட்டில் குழந்தை இருக்கிறது.
– வாசகி, பொங்கோல்

முதலில் அதைச் சுவரோரம் நகர்த்தி, பின்னால் கட்டி நிறுத்துங்கள். அல்லது திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அசல், அக்கீலே கஸ்திலியோனியும் அவருடைய அண்ணன் பியெர் ஜாக்கோமோவும் 1962இல் வடிவமைத்த ஆர்கோ. கூரையில் துளை போடாமல் சாப்பாட்டு மேசைக்கு நடுவே வெளிச்சம் விழ வேண்டும், நாற்காலிக்குப் பின்னால் ஆள் நடக்க இடமும் வேண்டும் என்பது கணக்கு. அதனால் விளக்கு சுமார் 2 மீட்டர் முன்னே நீள்கிறது. அதை ஈடுகட்ட அடியில் ஏறத்தாழ 65 கிலோ பளிங்குக் கட்டை. அந்தக் கட்டையில் ஒரு துளை இருக்கும், அலங்காரத்துக்காக வைத்ததில்லை. துடைப்பக் கம்பை அதில் நுழைத்து இரண்டு பேர் தூக்கி நகர்த்தலாம். காலில் இடித்துக்கொள்ளாதபடி மூலைகளையும் மழுக்கியிருக்கிறார்கள்.

உங்கள் விளக்கை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விளக்குத் தலையின் எடை 2 கிலோ, அடித்தள விளிம்பிலிருந்து 1.8 மீட்டர் முன்னால் தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 3.6. அடித்தளம் 15 கிலோ, நீளம் 40 சென்டிமீட்டர் என்றால், பாதி நீளமான 0.2ஆல் பெருக்க 3 வரும். முதல் எண் பெரிது, ஆகவே விளக்கு கவிழும். தண்டின் எடையைச் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம். இரண்டாவது எண் முதல் எண்ணைப்போல் மூன்று மடங்காவது இருந்தால்தான் குழந்தை பிடித்து இழுத்தாலும் ஓரளவு தாங்கும்.

அம்மாவுக்கு விரல் மூட்டு வாதம். காய் தோல் சீவுவதற்குள் கை வலிக்கிறது என்கிறார். முதியோர் கைக்கென்றே வடிவமைத்தவர்கள் உண்டா? என்ன பார்த்து வாங்குவது?
– வாசகர், அங் மோ கியோ

உண்டு. இந்தத் துறையின் மிக உயர்ந்த வேலைகளில் சில இதற்காகவே செய்யப்பட்டவை.

டிரைஃபஸ் மனித உடலின் அளவுகளைச் சேகரித்து, ஜோ, ஜோசஃபின் என்று பெயரிட்ட ஒரு சராசரி ஆண், பெண் படங்களை 1955இல் வெளியிட்டார். கை எவ்வளவு தூரம் எட்டும், கண் எந்த உயரத்தில் இருக்கும் என்பது வரைபலகைக்கு வந்தது. அவர் வடிவமைத்த 1949ஆம் ஆண்டுத் தொலைபேசியில் எண்களைச் சுழல்வட்டின் துளைகளுக்கு வெளியே நகர்த்தினார்கள். விரல் மறைக்காது, தெளிவாகத் தெரியும் என்று நினைத்தார்கள். ஆனால் மக்கள் முன்பைவிட மெதுவாகச் சுழற்றினார்கள், விரல் எங்கே குறிவைப்பது என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. ஒவ்வொரு துளைக்குள்ளும் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்ததும் வேகம் திரும்பியது.

லோவியின் அலுவலகத்தில் இருந்த பட்ரீஷியா மோர் 1979இல், 26 வயதில், முதிய பெண்மணியாக வேடமிட்டு வட அமெரிக்க நகரங்களில் நடமாடத் தொடங்கினார். பார்வையை மங்கவைக்கும் கண்ணாடி, காதில் அடைப்பு, மூட்டுகள் மடங்காதபடி கட்டு. கதவு, பேருந்துப் படி, டப்பா மூடி ஒவ்வொன்றும் முதியவர்களை எப்படித் தோற்கடிக்கிறது என்று மூன்று ஆண்டுகள் பதிவு செய்தார்.

நீங்கள் தேடும் தோல்சீவி 1990இல் வந்த ஆக்ஸோ குட் கிரிப்ஸ் வரிசை. தொழிலதிபர் சாம் ஃபார்பரின் மனைவி பெட்ஸிக்கும் உங்கள் அம்மாவைப்போல மூட்டு வாதம். ஸ்மார்ட் டிசைன் என்ற நியூயார்க் நிறுவனம் வடிவமைத்தது. பெயரைப் பார்த்து வாங்க வேண்டியதில்லை, அதில் உள்ள குணங்களைப் பாருங்கள். கைப்பிடி 30 முதல் 40 மில்லிமீட்டர் பருமன் இருக்கட்டும். மெல்லிய கம்பியை இறுக்கிப் பிடிக்கத்தான் மூட்டுகள் வலியெடுக்கின்றன. குறுக்குவெட்டு நீள்வட்டமாக இருந்தால் கைக்குள் உருளாது. வட்டமாக இருந்தால் உருளவிடாமல் பிடிக்கவே பாதி வலு போய்விடும். கடையிலேயே கையை நனைத்துப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெருவிரலும் சுட்டுவிரலும் பதியும் இடத்தில் மென்மையான ரப்பர் வரிகள் இருந்தால் நல்லது. கத்தி மழுங்கியிருந்தால் எந்தக் கைப்பிடியும் உதவாது, அதை முதலில் பாருங்கள்.

டைசன் தூசு உறிஞ்சிக்கு 5,127 மாதிரிகள் செய்தது உண்மையா? ஏன் அத்தனை?
– தேசிய சேவையாளர், சுவா சூ காங்

உண்மை. ஜேம்ஸ் டைசன் 1979 தொடங்கி ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் செய்தார். மர அறுவை ஆலையில் தூளைச் சுழற்றிப் பிரிக்கும் கூம்பைக் கண்டு, அதை வீட்டுக் கருவிக்குள் அடக்க முயன்றார். கூம்பின் கோணம், காற்று நுழையும் வாய், வெளியேறும் குழாயின் நீளம் எல்லாம் ஒன்றையொன்று பாதிக்கும். அதனால் ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றினார். இரண்டை மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. சொந்தப் பெயரில் முதல் கருவி 1993இல்தான் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. இன்று அவருடைய நிறுவனத்தின் உலகத் தலைமையகம் நம் ஹார்பர்ஃபிரண்ட் பக்கத்தில், பழைய செயின்ட் ஜேம்ஸ் மின்நிலையத்தில் இருக்கிறது.

எண்ணிக்கையை வைத்து வியப்பதில் பயனில்லை. மாதிரிக்கு எண் போடுங்கள். எதை மாற்றினோம், என்ன எதிர்பார்த்தோம், என்ன நடந்தது என்று மூன்று வரி எழுதுங்கள். இவை இல்லாமல் செய்த நூறு மாதிரிகளை, இவற்றோடு செய்த பத்து மாதிரிகள் வென்றுவிடும்.

பெண்கள், இந்தியர்கள், சிங்கப்பூரர்கள் யாரும் இந்தப் பட்டியலில் இல்லையா?
– ஆசிரியை, ஜூரோங்

இருக்கிறார்கள், பெயர்தான் பின்னால் தள்ளப்பட்டது. ரே ஈம்ஸ் கணவரோடு சரிபாதி உழைத்தும் பல காலம் சார்ல்ஸின் பெயர் மட்டுமே சொல்லப்பட்டது. ஷார்லட் பெரியாண்ட், கட்டடக்கலைஞர் லெ கொர்புசியேயின் பெயரால் அறியப்பட்ட எஃகுக் குழாய் நாற்காலிகளில் முக்கியப் பங்கு வகித்தவர். ஏவா சைசல் சோவியத் சிறையில் வாடி மீண்டு, அமெரிக்காவில் பீங்கான் வடித்து, 105 வயதுவரை வாழ்ந்தார்.

இந்தியக் கதை 1958இல் திரும்பியது. அரசின் அழைப்பில் வந்த ஈம்ஸ் தம்பதியர் தந்த அறிக்கையில் மிக உயர்வாகப் பேசப்பட்ட பொருள் நம் சொம்பு. எவ்வளவு கொள்ளும், இடுப்பிலும் தலையிலும் எப்படி உட்காரும், நிறைந்தபோதும் குறையும்போதும் எடை எங்கே நிற்கும், எத்தனை பெரிய கைக்கு, என்ன விலைக்கு என்று கேள்விகளாக அடுக்கினார்கள். யாரோ ஒருவர் ஒரே நாளில் வடித்ததில்லை, தலைமுறைகள் திருத்தித் திருத்தி வந்த உருவம் என்றார்கள். அதன் விளைவாக 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிலையம் பிறந்தது. வகுப்பில் மாணவர்களிடம் ஒரு சொம்பைக் கொடுத்து இதே கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள், ஒரு பாடவேளை போதாது.

சிங்கப்பூரில் அதிபர் வடிவமைப்பு விருது பெற்ற ஹான்ஸ் டானின் புள்ளி ஞோஞா கலங்களைப் பார்க்கச் சொல்வோம். பெரனாக்கான் பீங்கான் ஜாடியில் வட்ட ஒட்டிகளை ஒட்டி, மணலை வேகமாகப் பீய்ச்சி மற்ற இடத்து வண்ணத்தை உரித்துவிடுகிறார். ஒட்டியை எடுத்தால் வெண்பீங்கான் நடுவே பழைய பூவேலை புள்ளிகளாக நிற்கும்.

நான் வடிவமைத்த மடக்கு நாற்காலியின் படத்தைச் சமூக ஊடகத்தில் போட்டுவிட்டேன். இனி உரிமை பதிய முடியாதா?
– வாசகர், செங்காங்

சிங்கப்பூரில் முடியும், காலம் கடத்தாதீர்கள். வடிவமைப்பாளரே வெளியிட்ட நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் விண்ணப்பித்தால் அந்த வெளியீடு புதுமையைக் கெடுக்காது. பதிவு முதலில் 5 ஆண்டுக்கு, புதுப்பித்து மொத்தம் 15 ஆண்டுவரை நீட்டிக்கலாம். படம் போட்ட தேதி தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள். இந்தச் சலுகை எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி கிடையாது. வெளிநாட்டில் விற்கும் எண்ணம் இருந்தால், அடுத்த வடிவத்தைப் பதிந்த பிறகே படம் போடுங்கள். பதிவு தோற்றத்தை மட்டும் காக்கும். மடங்கும் பொறிமுறை புதியது என்றால் அதற்குக் காப்புரிமை தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்கான விதிகள் இன்னும் கடுமையானவை, எனவே பொறிமுறை தெரியும் காணொளியை இப்போதைக்கு வெளியிடாதீர்கள்.